நிக்குதுன்னா கட்டியிருக்கு

வானத்தில் செயற்கைக்கோள் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதில் டிஷ்காரருக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அந்த இல்லாத ஒன்றைப் பார்த்துத்தான் ஊரில் பாதி மொட்டை மாடிகளில் அவர் டிஷ் மாட்டி வைத்திருந்தார்.

மாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஏணியைச் சாய்த்து, பையைத் தோளில் போட்டு ஏறுவார். தாங்கியைச் சுவரில் முடுக்குவார். டிஷ்ஷின் விளிம்பில் இரண்டு விரல்களை வைத்து, தூங்குகிற குழந்தையின் தலையைத் திருப்புகிற மாதிரி மெல்லத் திருப்புவார். இடுப்பில் தொங்கும் சிக்னல் மீட்டர் முதலில் முனகும், பிறகு கீச்சிடும். அங்கே நிறுத்தி நட்டை இறுக்குவார். கைப்பிடிச் சுவரில் குனிந்து, "வந்துச்சா?" என்று கீழே கத்துவார். "வந்துச்சு" என்று குரல் வரும். அத்தோடு வேலை முடிந்தது.

முடிந்திருக்க வேண்டும். ஆனால் பத்து வீட்டில் ஒரு வீட்டுக்காரராவது அண்ணாந்து பார்த்து, "ஏங்க, அந்த சேட்டிலைட் எங்க இருக்கு?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார். டிஷ்காரர் இறங்கிய ஏணியில் மறுபடி இரண்டு படி ஏறி, வசதியாகச் சாய்ந்துகொள்வார்.

"அங்க சேட்டிலைட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. பலூன்."

"பலூனா?"

"பெரிய பலூன். கயித்துல கட்டி வச்சிருக்கான். நீங்களே யோசிங்க. ராக்கெட்ல விட்டது ஒண்ணு சுத்தணும், இல்ல விழணும். இது ரெண்டும் செய்யாம, நான் டிஷ் மாட்டின எடத்துலயே வருஷக்கணக்கா நிக்குது. நிக்குதுன்னா கட்டியிருக்கு."

இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடிந்ததில்லை. பதில் தெரிந்தவர்களுக்கும் அடுப்பில் ஏதாவது இருக்கும். அரை மணி நேர வேலைக்குப் போனவர் மதியம் தாண்டித்தான் வீடு திரும்புவார். "நாலு ஆணி அடிக்கப் போனவரு நாடகம் முடிச்சிட்டு வர்றாரு" என்று மனைவி தட்டை வைப்பாள்.

அவருடைய கொள்கைக்கு எதிர்க்கட்சி தெருமுனை சலூன். அங்கே சலூன்காரர் நிலாவுக்கு மனிதன் போனதையே நம்பாதவர். அவருடைய ஆதாரம் தொழில் சார்ந்தது.

"நிலாவுக்குப் போயிட்டு அத்தனை நாள் கழிச்சு எறங்கினாங்களே, அந்தப் படத்தைப் பாத்தியா? மூஞ்சி மொழுக்குனு இருக்குய்யா. நான் கத்தி புடிச்ச காலத்துலருந்து பாக்கறேன். அது ஒரு வார தாடி இல்ல. அன்னைக்குக் காலைல எவனோ ஷேவ் பண்ணி அனுப்பி வச்சிருக்கான்."

"யோவ், நிலா கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"தெரியற எடத்துக்கு எப்படியாச்சும் போயிடலாம்யா. அதுல என்ன பொய்?"

"அப்ப தாடி?"

"ரேசர் எடுத்துட்டுப் போயிருப்பான். உனக்குத்தான் ஊர்ல எல்லா மயிரும் உன் கடைல விழணும்."

நிலாவுக்குப் போனதை டிஷ்காரர் முழுசாக நம்பினார். செவ்வாய்க்கு வண்டி அனுப்பியதையும் நம்பினார். அவருக்குச் சோறு போட்ட அந்த ஒரே ஒரு பொருள்தான் இல்லாதது. ஒருவர் மற்றவரைப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டே இருவரும் தினமும் அரைமணி நேரம் செலவிட்டார்கள். சலூனின் டிவி பின்னணியில் ஓடியது. அந்த டிஷ்ஷும் அவர் மாட்டியதுதான்.

இந்த மனிதருக்கு ஒரே மகள். அவள் மின்னணுவியல் படித்தாள். படித்து முடித்ததும் வேறொரு நகரத்தில், செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவள் பொறுப்பில் கொடுத்தது, அப்பாவின் டிஷ்கள் அத்தனையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அதே செயற்கைக்கோள். கேட்டு வாங்கியதல்ல. அமைந்தது.

டிஷ்காரர் இதைப் பெரிய மனதோடு எடுத்துக்கொண்டார். மகளை அவர் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை, யாரோ ஏமாற்றி வேலைக்கு வைத்திருக்கிறார்கள், சம்பளம் ஒழுங்காக வருகிறது, போகட்டும். யாராவது விசாரித்தால் "கம்ப்யூட்டர் வேலை" என்று முடித்துக்கொள்வார். தோண்டிக் கேட்டால் பேச்சை மழை பக்கம் திருப்புவார்.

மழை பக்கம் திருப்ப முடியாத ஒரு நாள் வந்தது. வேலைபார்க்கும் நகரத்தில் மகள் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். நல்ல காற்று, நல்ல தண்ணீர், அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். பெரியவர்கள் யாரையாவது அழைத்து வரச் சொன்னார் வீட்டுக்கார அம்மா. டிஷ்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பொண்ணு என்ன வேலை பாக்குது?"

டிஷ்காரர் நெளிந்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "அதை என் வாயால சொல்ல வேண்டாம்னு பாக்கறேன்."

வீட்டுக்கார அம்மா மகளை மேலும் கீழும் பார்த்தார். "நைட் டூட்டி உண்டுன்னு சொன்னா."

"உண்டு. நடுராத்திரி கூடப் போவா. அவளைச் சொல்லிக் குத்தமில்லம்மா. அந்த எடம் அப்படி."

அந்த வீடு கிடைக்கவில்லை. ஏன் என்று வெளியே வந்த பிறகும் டிஷ்காரருக்குப் புரியவில்லை. பேருந்து நிறுத்தம் வரை மகள் வாயே திறக்கவில்லை. அங்கே போய் நின்றதும் திறந்தாள்.

"அப்பா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க நம்ப வேண்டாம். நாலு பேர் முன்னாடி ஒரே ஒரு தடவை, 'எம் பொண்ணு செயற்கைக்கோளைப் பாத்துக்கறா'ன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"பொய் சொல்லச் சொல்றியா பாப்பா?"

"நான் பாக்கற வேலையைச் சொல்லச் சொல்றேன்."

"நீ வேலை பாக்கறது நிஜம். அதை நான் எங்க இல்லைன்னேன்? நீ எதைப் பாக்கறியோ அதுதான் இல்ல."

பேருந்து வந்தது. இருவரும் ஒரே இருக்கையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்த ஆண்டு அவள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட சலூனுக்குப் போனாள். உள்ளே வழக்கு உச்சத்தில் இருந்தது. டிஷ்காரர் பாதி ஷேவில், ஒரு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் கத்தியை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"கயிறு கயிறுங்கறியே, இருந்தா காட்டுய்யா பாப்போம்."

"தெக்கால எங்கயோ கட்டியிருக்கான். எனக்குப் பொழப்பு இருக்கு, அதைத் தேடிட்டு அலைய முடியுமா?"

"அலைய வேண்டாம்பா" என்றாள் மகள் வாசலிலிருந்து. "உங்க டிஷ்ஷே காட்டிக் குடுத்துடும்."

டிஷ்காரர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"பலூன் கிட்டக்க இருந்தா, அதை நோக்கிப் போகப் போக டிஷ் தலையை நிமித்தணும். சரியா?"

"நிமித்தணும்."

"நேர் கீழ போயிட்டா?"

"மல்லாந்து படுத்துடணும்." அவர் முகத்தில் நுரையையும் மீறி வெளிச்சம் வந்தது. "யோவ், இவ சொல்றது சரிதான்யா. டிஷ்ஷை வண்டில போட்டுட்டு தெக்கால போவோம். எங்க அது மல்லாக்குதோ அங்க கயிறு."

வருடக்கணக்கில் அப்பாவும் மகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அவள் விட்டுவிடவில்லை.

"கயிறு இருந்தா நான் இனிமே வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா, இதே நாற்காலில உக்காந்து நான் கேட்டதை நீங்க சொல்லணும்."

"சொல்றேன்."

"மாமா, நீங்கதான் சாட்சி."

"நான் மட்டும் இல்லம்மா" என்றார் சலூன்காரர். பெஞ்சில் காத்திருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவரும் எழுந்து ஆட்டினார்.

மறுநாள் காலையில் வேன் கிளம்பியது. கூரையில் ஏணி, பின்னால் டிஷ், இரும்புக் குழாயில் பற்றவைத்த முக்காலி, பேட்டரி, கோணம் பார்க்கும் கருவி, நடுவில் டிஷ்காரரின் மனைவி. தெற்கே போய்க்கொண்டே இருந்தால் கடல் வரும் என்று கேள்விப்பட்டதும் அவளும் ஏறிக்கொண்டாள். "கயிறு கிடைக்குதோ இல்லையோ, எனக்குக் காத்து கிடைக்கும்."

முதலில் வீட்டு மாடியிலேயே கோணத்தைப் பார்த்து மகள் குறித்துக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் பின்னால் முதல் நிறுத்தம். டிஷ்காரர் முக்காலியை நிறுத்தி விரல்களை வைத்தார். மீட்டர் கீச்சிட்டது. மகள் கருவியை வைத்துப் பார்த்தாள்.

"அப்படியேதான் இருக்கு. அரை டிகிரி கூட ஏறல."

"இன்னும் கிட்டப் போகணும்."

அடுத்த நிறுத்தம் ஒரு தொழிற்சாலையின் மதிலோரம். மறுபடி முக்காலி, விரல், கீச்சு. ஒரு டிகிரி. டிஷ் மல்லாக்கிற வழியாகத் தெரியவில்லை. வாயிற்காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"ஒரு கயிறு" என்றார் டிஷ்காரர்.

"என்ன கலரு?"

டிஷ்காரர் அதை யோசித்ததில்லை. "கலர் தெரியல. மேல போற கயிறு."

காவலர் கண்ணுக்குமேல் கையை வைத்து வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தன் வேலையில் அக்கறையுள்ளவர். "இந்தப் பக்கமா எதுவும் மேல போகல சார். நான் காலைலருந்து இங்கயேதான் இருக்கேன்."

"பாத்தா சொல்லுங்க" என்று டிஷ்காரர் அவரிடம் தன் அட்டையைக் கொடுத்தார். வேனுக்குள் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கடல் வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அதற்குமேல் சாலை இல்லை. மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே தண்ணீருக்குப் போய்விட்டாள். டிஷ்காரர் ஈர மணலில் முக்காலியை அழுத்தி நிறுத்தினார். விரல் வைத்தார். மீட்டர் கீச்சிட்டது. வீட்டு மாடியில் இருந்ததைவிட இரண்டு டிகிரி சொச்சம் நிமிர்ந்து, டிஷ் அதே அமரிக்கையோடு கடலுக்கு மேலே வானத்தைப் பார்த்தது.

மகளுக்கு வெற்றி வாசலில் நின்றது. அங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். படித்தவர்கள் செய்கிற தப்பு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் கணக்கைக் காட்டினாள்.

"நாம வந்த தூரம் தெரியும். கோணம் எவ்வளவு மாறிச்சுன்னு தெரியும். அது எவ்வளவு உயரத்துல இருக்குன்னு இதை வச்சே போட்டுடலாம்பா." செல்போனில் தட்டினாள். "நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். இவ்வளவு உயரத்துக்கு எவனாவது கயிறு கட்டுவானா?"

டிஷ்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டார். "நீ எப்பவும் எவ்வளவு சொல்லுவ?"

"எது?"

"உயரம்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "முப்பத்தாறாயிரம்."

"கணக்கு போட்டா நாலாயிரம் வருது."

"அது வந்துப்பா..."

"மீதி முப்பத்திரண்டாயிரத்தை யார் தின்னா?"

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் மனைவி தண்ணீரிலிருந்து.

"நான் போட்டது தரை தட்டையா இருந்தா வர்ற கணக்குப்பா. பூமி வளைஞ்சிருக்கு. நாம இவ்வளவு தூரம் வந்ததுல நம்ம தரையே சாஞ்சிருக்கு. மாறின கோணத்துல பெரும்பங்கு அந்த சாய்மானம். அதைக் கழிச்சா..."

"நான் சாயலையே. உங்கம்மாதான் வண்டில தூங்கிச் சாஞ்சா."

"அப்பா, பூமி உருண்டைங்கறதையாவது ஒத்துக்கறீங்களா இல்லையா?"

"உருண்டைதான். நான் எங்க இல்லைன்னேன்? ஆனா கணக்கு சரியா வந்தா தட்டை, தப்பா வந்தா உருண்டையா? எங்கிட்ட ஒருத்தன் அப்படி பில் போட்டா நான் ஏணியை எடுத்துட்டு வந்துடுவேன்."

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அலுவலகத்தில் அவள் கணக்கை இரண்டு பேர் சரிபார்த்து அனுப்புவார்கள். இங்கே ஒரே ஆள், அதுவும் அவளைவிட வேகமாக.

டிஷ்காரர் சற்று நேரம் வெற்றியை ருசித்தார். ஆனால் முகம் முழுசாக மலரவில்லை. டிஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாயிரமோ, முப்பத்தாறாயிரமோ, கயிற்றுக்கு இரண்டுமே அதிகம் என்பது அவருக்கும் தெரிந்தது. அவரும் அளந்து வேலை செய்கிறவர்.

"பாப்பா, நீ அங்க அப்படி என்னதான் பண்றே?"

இத்தனை வருடங்களில் அவர் கேட்டதே இல்லை. மகள் தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள்.

"அது தானா நிக்காதுப்பா. நிலா இழுக்கும், சூரியன் இழுக்கும். கொஞ்சம் கொஞ்சமா எடம் மாறப் பாக்கும். நாங்க பாத்துட்டே இருந்து, அப்பப்ப லேசாத் தள்ளி, இருக்க வேண்டிய எடத்துலயே நிறுத்துவோம்."

"நிறுத்தலைன்னா?"

"ஒரே எடத்துல நிக்காம ஆடும். ஆட்டம் நாளாக நாளாக பெருசாகும். நீங்க மாட்டின டிஷ் எதுலயும் படம் வராது. ஊர் முழுக்க ஒவ்வொரு மாடியா ஏணி தூக்கணும் நீங்க. திருப்பி வச்சாலும் மறுநாள் மறுபடி போகும்."

"நான் ஒரு தடவை மாட்டினா மறுபடி ஏறினதே இல்லையே."

"அதான் சொல்றேன்."

டிஷ்காரர் ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை இன்னொரு முறை இறுக்கினார். அலை வந்து முக்காலியின் காலை நனைத்தது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடலுக்குள்ள கட்டி வச்சிருக்கான்."

"என்னது?"

"கயித்தை. கப்பல்ல கட்டியிருப்பான். வண்டி போகாத எடமாப் பாத்து வச்சிருக்கான் பாரு, திருட்டுப் பய."

திரும்பும் வழியில் மனைவி மட்டும் காற்று நன்றாக இருந்தது என்று இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் சலூனில் பெஞ்சு நிறைந்திருந்தது. டிஷ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"கயித்தைப் பாத்தியா?" என்றார் சலூன்காரர்.

"கடலுக்குள்ள போகுது."

"அப்ப பாக்கல."

"பாக்கலன்னா இல்லைன்னு ஆயிடுமாய்யா?"

"அதைத்தானேய்யா உம் பொண்ணும் சொல்லிட்டிருக்கா."

சலூனே சிரித்தது. கன்னத்தில் நுரையோடு இருந்தவர்களும் சிரித்தார்கள். டிஷ்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் மகளைப் பார்த்தார். அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவர் வாயைத் திறந்தார். எல்லாரும் அடங்கினார்கள்.

"வா பாப்பா, சாப்பாடு ஆறிடும்" என்று எழுந்துகொண்டார்.

விடுமுறை முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட்டுப் பெற வேண்டிய விஷயமில்லை என்று முடிவு செய்துகொண்டாள். முடிவு செய்தபின்னும் உறுத்தியது. தெரியாதவர்களுக்கு அவள் ஒரு பொறியாளர். பெற்றவருக்கு, இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவள்.

தொலைபேசியில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். முன்பெல்லாம் அவர், "சாப்பிட்டியா? சரி, வைக்கிறேன்" என்பார். இப்போது நடுவில் ஒன்று சேர்ந்துகொண்டது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"நிக்குதா?"

"எது?"

"அதான்."

"நிக்குதுப்பா."

"சரி, வைக்கிறேன்."

கேலி செய்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். சில நாள் வேலைக் களைப்பில் எரிச்சலும் வந்தது. "நிக்காம எங்க போகும்?" என்று ஒருமுறை வெடுக்கென்று சொல்லியிருக்கிறாள். அவர் அதற்கும் "சரி, வைக்கிறேன்" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் டிஷ்காரர் இறந்துபோனார். என்றைக்காவது ஏணியிலிருந்துதான் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். மதியம் சாப்பிட்டுக் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் கணிப்பும் தப்பு.

செய்தி வந்தபோது மகள் பணியில் இருந்தாள். அன்று செயற்கைக்கோளை அதன் இடத்துக்குத் தள்ளும் ஒரு திருத்தம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. அடுத்த நாற்காலியில் இருந்தவரிடம் எதுவரை வந்திருக்கிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லி ஒப்படைத்தாள். அவர் "நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க" என்றார். கிளம்பினாள்.

வீட்டுக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வேன் ஓரமாக நின்றது, கூரையில் ஏணியோடு. வந்தவர்களில் பாதிப்பேரை அவளுக்குத் தெரியவில்லை. அப்பா ஏறிய மாடிகளின் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு அவளைத் தெரிந்திருந்தது. அதுதான் விசித்திரம்.

ஒரு வயதான பெண்மணி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆறுதலுக்கு என்று அவள் விட்டுவைத்தாள். அவர் உள்ளங்கைகளைத் திருப்பி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"பூ மாதிரி இருக்கே. நான் காச்சுப் போயிருக்கும்னு நெனச்சேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் யாருக்கு என்ன பேச்சு வருகிறதோ என்று விட்டுவிட்டாள். அடுத்து ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். அவரும் கையைத்தான் பார்த்தார். "கையுறை போட்டுப்பீங்க போல" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

சலூன்காரர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஊரில் அன்று ஒருவருக்கும் ஷேவ் இல்லை. அவருக்கே இல்லை. நரைத்த முள் தாடியோடு அவரைப் பார்க்க வேறு ஆள் மாதிரி இருந்தது. மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, எல்லாரும் ஏன் என் கையைப் பாக்கறாங்க?"

சலூன்காரர் அவளைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா?"

"என்ன?"

"உங்கப்பன் உங்கிட்ட சொல்லவே இல்லியா?" அவர் தலையை ஆட்டினார். "கடலுக்குப் போயிட்டு வந்தீங்கல்ல. நீ ஊருக்குப் போன அப்புறம் நாலஞ்சு நாள் கடைப் பக்கமே வரல. அப்புறம் வந்தான். உக்காந்தான். நான் சோப்பு போட்டேன். பாதி ஷேவ்ல என் கையைப் புடிச்சு நிறுத்தினான். கழுத்துல கத்தி இருக்கு, நகராதய்யாங்கறேன். கேக்கல. 'யோவ், அந்தக் கயிறு கடலுக்குள்ள போகலய்யா. எம் பொண்ணு ஆபீசுக்குப் போகுது. அவதான்யா புடிச்சிட்டிருக்கா. அவ விட்டான்னா ஊர்ல ஒரு வீட்டுல படம் வராது'ன்னான்."

மகள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அன்னையிலருந்து இதே பேச்சுதாம்மா. மழைல படம் ஆடிச்சுன்னு யாராவது போன் பண்ணினா போகவே மாட்டான். 'டிஷ்ஷைத் தொடாதீங்க, மேல காத்து ஜாஸ்தி, எம் பொண்ணு இழுத்துப் புடிச்சிட்டிருக்கா, கொஞ்சம் பொறுங்க'ம்பான். கொஞ்ச நேரத்துல வந்துடும். உடனே அவங்களுக்குத் திருப்பி போன் பண்ணி, 'வந்துச்சா? அதான் எம் பொண்ணு'ம்பான். எனக்கே காது புளிச்சுப் போச்சு. நிலாவுக்கே போகலைன்னு சொல்றவன் நான், எங்கிட்ட வந்து தினம் கயித்துக் கதை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மாமா."

"நானும் கேட்டேன், அவகிட்ட சொன்னியாய்யான்னு. 'சொன்னா பந்தயத்துல நான் தோத்த மாதிரி ஆயிடும்'னான்."

மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சலூன்காரருக்குத் தெரியவில்லை. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவள் முகத்தை எடுத்தபோது, வாய் ஒரு திருத்தத்தைச் சொல்லத் தயாராக இருந்தது. மழையில் படம் ஆடுவது மேகத்தால். அதில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை. கயிறும் இல்லை, எரிபொருளைப் பீச்சித் தள்ளுவதுதான் உண்டு, அதுவும் எப்போதாவது. எல்லாம் தொண்டை வரை வந்தது. எதிர்வீட்டு மாடியில் அப்பா மாட்டிய டிஷ் தெற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தது.

சலூன்காரர் நெருங்கி உட்கார்ந்தார். கொஞ்ச நேரமாக அவரை ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. துக்க வீட்டில் கேட்கலாமா என்ற தயக்கம் தெரிந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டேவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. நீ இங்க வந்துட்ட. இப்ப கயித்தை யார்கிட்ட குடுத்துட்டு வந்திருக்க?"

"ஷிப்ட்ல இன்னொருத்தர் இருக்கார் மாமா."

"நல்லாப் புடிப்பாரா?"

"புடிப்பார்" என்றாள் டிஷ்காரரின் மகள். "கெட்டியாப் புடிக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."